தவிடு கேட்டு வந்தவள்

"மாசி. செவ்வாய். வாடை இன்னும் ஓயவில்லை. மதியம் ஒருத்தி வந்து போனாள். தவிடு ஒரு கைப்பிடி. அம்மா பேசினாள்."

அன்றைக்கு என் டைரியில் இருப்பது இவ்வளவுதான். கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறவள் நான். எந்தக் கப்பல் எந்தத் தளத்தில் நின்றது, காற்று எந்தப் பக்கம், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று அரைப்பக்கமாவது எழுதாமல் படுத்தது கிடையாது, ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அதற்கு மேல் கை ஓடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. உப்பளத்தில் வெள்ளைச் சேலை நடந்து போனதைப் பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால், என்ன கிழமை, எந்த ஷிஃப்ட், கூட யார் இருந்தது என்று கேட்பேன். அதோடு கதை நின்றுவிடும். இப்போது அதே கேள்விகளை நீங்கள் என்னிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் தாயகம் திரும்பியவர்கள். தூத்துக்குடித் தெருவில் சிலோன்காரங்க. அம்மா பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அவளைப் பெற்றவள் பிறந்ததும் அங்கேதான். கண்ணால் பார்த்திராத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்ப முடியும் என்று எந்த அதிகாரியும் யோசித்ததாகத் தெரியவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்து இங்கே வந்தோம். அப்போது எனக்கு ஐந்து வயது இருக்கும்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இரண்டும் லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீட்டிலேயே, காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவதாக நான் பிறந்ததும் அம்மா என்னைத் தவிட்டுக்கு விற்றுவிட்டாள். இந்த வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தையை முறத்தில் போட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கைப்பிடி தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். அந்தப் பிள்ளை அவளுடையது, இவளுடையதல்ல, ஆகவே எமன் இந்த வீட்டுக் கணக்கில் அதைத் தேட மாட்டான். குப்பை, பிச்சை, தவிடு என்று பெயர் வைப்பதும் அதனால்தான். என் பெயர் தவிட்டம்மாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா தவமணி என்று மாற்றினார்.

நான் படித்த வரையில், பல ஊர்களில் அன்று சாயங்காலமே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிவிடுகிறார்கள். எங்கள் ஆட்களிடம் அப்படி இல்லை. பால்பல் விழுந்த பிறகுதான் திருப்பி வாங்க வேண்டும், அதுவரை பெற்றவள் வெறும் வளர்க்கிறவள். என்னை வாங்கியவள் பக்கத்துக் காம்பராவில், அதாவது லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், இருந்த நாகம்மா. பிள்ளை இல்லாதவள். எனக்கு ஒரு பல்லும் விழுவதற்கு முன்னால் எங்கள் குடும்பத்துக்குக் கப்பல் வந்துவிட்டது, நாகம்மாவுக்கு வரவில்லை. "அடுத்த கப்பல்ல வந்துருவேன்கா, புள்ளய அப்ப வாங்கிக்கங்க" என்று சொல்லி அனுப்பினாளாம். அவள் வரவில்லை. அங்கே கலவரம் வந்தது. அப்பா எழுதிப் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை.

இதனால் நடந்தது என்னவென்றால், அம்மா என்னை ஒருபோதும் தன் பிள்ளை என்று சொல்லவில்லை. சோறு போட்டாள், தலை பின்னினாள், காய்ச்சல் வந்தால் விடியவிடிய விசிறினாள். ஆனால் கட்டிப் பிடித்தது கிடையாது, முத்தம் கிடையாது. ரேஷன் கடை வரிசையில் யாராவது "உங்க மகளா?" என்று கேட்டால், "நாகம்மா பிள்ள, நான் வளக்கேன்" என்பாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது. தெருப்பிள்ளைகள் என்னைத் தத்துப்பிள்ளை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அப்பா முழுவதையும் சொன்னார். "அவளுக்கு ஒம்மேல பிரியம் இல்லாம இல்ல, புள்ள. பிரியம் இருக்குன்னு வெளிய தெரிஞ்சிரக் கூடாது. அம்புட்டுத்தான்."

நான் நேரே அம்மாவிடம் போய், திருச்செந்தூருக்குப் போவோம், முருகனிடம் தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொள் என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "வித்தது முருகனுக்கா? வாங்குனவ கிட்டத்தான் திருப்பி வாங்கணும்" என்றாள். நானும் உட்கார்ந்து அவளோடு கல் பொறுக்கினேன்.

எனக்கு ஒரே மகள், வினோதினி. அவளை நான் யாருக்கும் விற்கவில்லை. ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே, அது பழகியபடிதான் போகும். அவளுக்கு எண்ணெய் தேய்த்தேன், ஹோம்வொர்க் பார்த்தேன், எத்தனையாவது மாதம் எந்தத் தடுப்பூசி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அவளை மார்போடு அணைத்ததாக மட்டும் ஒரு நாளும் நினைவில் இல்லை. என் கணவர் இருந்தவரை அந்த வேலையெல்லாம் அவருடையது. அவரும் போய்விட்டார். வினோ கல்யாணம் முடிந்து மஸ்கட் போனாள், தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள்.

மாசி பிறந்த கையோடு பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "யாரு வாங்குதீங்க?" என்றாள். பிள்ளை பெற்றவளின் தாய் வாங்குவதுதான் முறை. என் கை எழும்பியது, எழும்பி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தது. என் சம்பந்தியம்மா ஒரு கணம் பார்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். கட்டிலில் கிடந்த வினோ இதைப் பார்த்துவிட்டாள்.

டிஸ்சார்ஜ் அன்று, "நான் மாப்பிள்ளையூரணிக்கே போறேன்மா. அத்தை பாத்துக்கிடுவாவ" என்றாள்.

"பெத்தவ வீடு இருக்கையில மாமியா வீட்டுக்கா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து பிள்ளையத் தூக்காது. நீயும் தூக்க மாட்ட. பெறவு என்ன?" பையில் துணி அடுக்கினாள். பிறகு சொன்னாள், "மூணு மாசத்துல மஸ்கட் போயிருவேன். அதுக்குள்ள ஒரு தடவையாவது தூக்குதியான்னு பாக்கேன். இல்லன்னா அடுத்த பிரசவத்துக்கு நான் இங்கன வரல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். ரொம்ப நிதானமாகச் சொன்னாள், என்னைப் போலவே.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் செவ்வாய். அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, முன்னறையில் கட்டிலோடு சரி, ஆனால் புத்தி தெளிவு. நான் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வரும்போது கேட்டுக்கு வெளியே ஒருத்தி நின்றாள். நாற்பது வயது மதிக்கலாம். செருப்பில்லை. சேலைக்கு மேல் இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள், தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் செடி கிழிக்காமல் இருக்கக் கட்டுவது போல. நல்ல வெயில்.

"அக்கா இருக்காங்களா?"

"எந்த அக்கா?"

"ஒங்கள வளக்குறவங்க."

ரிட்டயர் ஆகி, பேத்தியும் பார்த்துவிட்ட ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமும் வரவில்லை. உள்ளே வாங்க என்று சொன்னேன், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். செம்பை வாங்கிப் படியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் உப்பு குடுங்க, அட்ட கடிச்சிருக்கு" என்றாள். அவள் கணுக்காலில் இருந்து ரத்தம் மெல்லிய கோடாக வடிந்துகொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், கல்லுப்பைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, தூத்துக்குடியில் ஏது அட்டை? சுற்றிலும் உப்பு விளைகிற மண் இது. நான் அட்டையைக் கடைசியாகப் பார்த்தது ஐந்து வயதில், தேயிலைத் தோட்டத்தில். அவள் உப்பை வைத்துத் தேய்த்தாள், ஏதோ கறுப்பாகப் படியில் விழுந்தது, காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

அம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள்.

"நாகம்மா. நீ மாறவே இல்லையேடி."

"நீங்கதாங்கா கெழவியாப் போயிட்டீங்க."

"அடுத்த கப்பல்னு சொன்னே."

"சொன்னேன். அந்தக் கப்பல் எனக்குக் கெடைக்கலக்கா." பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கடைக்குப் போனவள் வழியில் எட்டிப் பார்த்தது போல, "தவிடு இருக்கா?" என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "போயி வாங்கிட்டு வா."

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இவள் நாகம்மாவின் உறவுக்காரி யாரோ, அந்தச் சாடை, அம்மா ஆளைக் குழப்பிக்கொள்கிறாள், வந்தவளும் கிழவியின் மனம் நோகாமல் கூடவே பேசுகிறாள். இப்படித்தான் நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

இந்தக் காலத்தில் டவுனில் யார் வீட்டில் தவிடு இருக்கிறது? தெருமுனை தாண்டி மாட்டுத்தீவனக் கடைக்குப் போனேன்.

"என்னக்கா, மாடு வாங்கிட்டியளா?" என்றார் கடை அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. தவிடு ஒரு கைப்பிடி போதும்."

"ஒரு கைப்பிடியா? மூஞ்சில பூசவா? டிவில சொல்லுதான், தவிடு பூசுனா பளபளன்னு ஆயிருமாம். எங்க வீட்லயும் ஒரு மாசம் பூசினா. தவிடுதான் தீந்துச்சு."

பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்த மனிதர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், மினுமினுப்பு கூடியிருக்கக்கா என்கிறார். அதனால் நான் தவிடு வாங்கப் போனது கனவில்லை. அதற்குச் சாட்சி இருக்கிறது.

திரும்பி வரும்போது எதிர்வீட்டு ரோஸ்லின் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏளா தவமணி, யாரு அந்தக் கிழவி? கம்பு ஊனிக்கிட்டுத் தள்ளாடித் தள்ளாடி உன் வீட்டுக்குள்ள போச்சே. தொண்ணூறு இருக்கும்போல. இந்த வெயில்ல எந்தப் பாவி அனுப்பிவிட்டானோ." வேறு யாரையோ பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து, பிறகு வாரேன் என்று உள்ளே போய்விட்டேன்.

முறம் இல்லை, எவர்சில்வர் தாம்பாளத்தில் தவிட்டைக் கொட்டிக் கொடுத்தேன். அம்மா தன் கையால் அள்ளி, வந்தவள் மடியில் விரித்த சாக்கில் போட்டாள். பாதி தரையில் சிந்தியது. சிந்தியதையும் வந்தவள் குனிந்து கூட்டி எடுத்துக்கொண்டாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் முழுக்க வெடிப்பு, வெடிப்பில் எல்லாம் கறுப்புக் கறை. கொழுந்து பறித்த அம்மாவின் விரல்கள் நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் இருந்தன, இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் வெளுத்தன. என் கையை அம்மாவின் கையில் வைத்தாள்.

"இந்தாங்கக்கா ஒங்க புள்ள. நல்லா வளத்திருக்கீங்க."

அம்மா பிடித்த பிடி எனக்கு வலித்தது. படுக்கையில் கிடக்கிற உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. "எம் மக" என்றாள். முதலில் வாய்க்குள், பிறகு தெருவுக்குக் கேட்கிற மாதிரி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் கடிகாரம் பார்க்காத நேரம் அது ஒன்றுதான். நிமிர்ந்தபோது வந்தவள் இல்லை. கேட் சத்தம் கேட்டதா என்றால் நினைவில்லை, கேட்டதாக எழுதினால் பொய்யாகிவிடும். செம்புத் தண்ணீர் படியில் வைத்தபடியே இருந்தது.

ரோஸ்லினிடம் போய் விசாரித்தேன். கிழவி உள்ளே போனதைத்தான் பார்த்தாளாம், வெளியே வந்ததைப் பார்க்கவில்லை, மீன் அலச உள்ளே போய்விட்டாளாம். நாற்பது வயதுப் பெண் யாரும் வந்தாளா என்றேன். "ஏளா, எனக்குக் கண்ணுல பொரை ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத் தெரியுது. வந்தது கிழவி" என்றாள். அம்மாவிடம், வந்தவளுக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டேன். "கப்பலேறுன அன்னைக்கு எப்பிடி இருந்தாளோ அப்பிடி" என்றாள். ஆக, அம்மாவும் நானும் பார்த்தது ஒன்று, ரோஸ்லின் பார்த்தது இன்னொன்று. இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை டவுன் பஸ் ஏறி மாப்பிள்ளையூரணிக்குப் போனேன். சம்பந்தியம்மா குழந்தையைக் குளிப்பாட்டி முடித்து, சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, "குடுங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது போல, அவர் உடனே கொடுத்துவிட்டார். குழந்தையின் தலையை என் கழுத்தடியில் வைத்துக்கொண்டு, "எம் பேத்தி" என்றேன். சத்தமாகத்தான். இதைச் சொன்னால் என்ன நடந்துவிடுமோ என்ற அந்தப் பழைய பயம் இருக்கத்தான் செய்தது, அதற்காக நிறுத்தவில்லை. வினோவின் தலையையும் இன்னொரு கையால் இழுத்து என் தோளில் வைத்தேன்.

அவள் விறைத்துப் போய், "என்னம்மா, மேலுக்கு முடியலையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கேன். எங்கம்மா என்னைத் திருப்பி வாங்கிட்டா."

அவளுக்குக் கதை தெரியும். முதலில் சிரித்தாள். பிறகு நான் நேற்று நடந்ததைச் சொல்லச் சொல்ல, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் ஆட்டோ வைத்து மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம். மஸ்கட் போகிற வரை குழந்தை பெரும்பாலும் என் மடியில்தான் கிடந்தது. அம்மா இப்போது நாள் பூராவும், "எம் மக எங்க, எம் மகளக் கூப்பிடு" என்று ஏலம் போடுகிறாள். உண்மையைச் சொன்னால் சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கிறது.

ஆனால் நான் விசாரிக்காமல் விடுகிறவள் இல்லை. சிலோன்காரர்கள் குடியிருக்கும் எங்கள் காலனியில் எல்லா வீட்டிலும் கேட்டேன், அந்தச் செவ்வாயன்று தோட்டத்திலிருந்து யாருக்கும் எந்த உறவும் வரவில்லை. பிறகு காலனிக்காரர் ஒருவர் மூலமாக, அந்தத் தோட்டத்தில் இன்னும் இருக்கிற ராமையா என்பவருடைய போன் நம்பர் கிடைத்தது. பேசினேன்.

"நாகம்மா கெழவிங்களா? அது போயிருச்சுங்களே. தொண்ணூறு வயசு, கம்பு ஊனித்தான் நடக்கும்."

இறந்தது எப்போது என்று கேட்டேன். மாசி என்று அவர் சொல்ல, பின்னால் இருந்து அவர் மனைவி பங்குனி என்று சத்தம் போட்டார். அங்கிருந்து இங்கே அந்தக் கிழவி கிளம்பி வந்திருக்க வழியே இல்லை, அது கடைத்தெருவுக்கே போகாது என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. மரணப் பதிவைத் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

போனை வைக்கப் போகும்போது ராமையா தானாகவே சொன்னார்: "அதுக்குப் புள்ள குட்டி கெடையாது. ஆனா தூத்துக்குடியில எனக்கு ஒரு மக இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரு நாளு பாருங்க, பேத்தி பொறந்துட்டா, பொம்பளப் புள்ளன்னு சொல்லி லயம் பூரா சீனி குடுத்துச்சு. நாங்க சிரிச்சோம். இந்தப் பொங்கலுக்குன்னு வாங்கி வெச்சிருந்த சீனி அது, பொங்கலுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு."

என் பேத்தி பிறந்தது மாசியில். பொங்கல் சமயத்தில் அவள் வினோவின் வயிற்றில் இருந்தாள், பெண்ணா பையனா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான் ராமையாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன், சீனி கொடுத்தது பொங்கலுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றார். அவர் மனைவி, இல்லை பின்பு என்றார். வேறு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆகவே இதை உறுதி செய்யப்படாத தகவல் என்றே இங்கே பதிகிறேன்.